நகரப் பூங்காத் துறைக்குக் காப்ரா தர அங்கீகாரம்: விண்ணப்பம் முதல் ஆணைய அமர்வு வரை முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு நகரத்தின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறை என்பது புல்வெளியைப் பராமரிக்கும் அலுவலகம் மட்டும் அன்று. நீச்சல் குளங்கள், விளையாட்டுத் திடல்கள், சமூகக் கூடங்கள், முதியோர் மையங்கள், சிறுவர்களுக்கான கோடை முகாம்கள், மிதிவண்டிப் பாதைகள், சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களும் கோல்ஃப் மைதானங்களும்கூட அதன் பொறுப்பில் இருக்கும். இத்தனை வேலைகளையும் ஒரு துறை ஒழுங்காகச் செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதற்காக 1993-இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. பூங்கா மற்றும் பொழுதுபோக்கு முகமைகளுக்கான தர அங்கீகார ஆணையம் என்பது அதன் பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத் துறையினர் ‘காப்ரா’ என்று அழைக்கிறார்கள். தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கமான என்.ஆர்.பி.ஏ. இதை நிர்வகிக்கிறது.

நம் ஊர்க் கல்லூரிகளில், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’கின் குழு வருவதற்கு முன் நடக்கும் ஆயத்தங்களைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். துறை முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுத வேண்டும். அதன் பிறகு வெளிக் குழு ஒன்று வந்து அதைச் சரிபார்க்கும். இறுதி முடிவை ஆணையம் எடுக்கும். ஆனால் ‘நாக்’ அமைப்பு நெடுங்காலம் வழங்கிவந்ததுபோல் ஏ, பி என்ற தரவரிசை இதில் கிடையாது. அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்பதே விடை.

தொடங்குவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. என்.ஆர்.பி.ஏ.வோடு தொடர்புடைய தேசியத் தங்கப் பதக்கம் என்ற விருது 1965 முதல் வழங்கப்படுகிறது. அது துறைகளுக்கு இடையிலான போட்டி. அந்த ஆண்டில் சிறந்தது எது என்று நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். காப்ராவில் ஒரு துறை இன்னொரு துறையோடு ஒப்பிடப்படுவதில்லை. எழுதிவைக்கப்பட்ட நெறிகளோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. பூங்கா எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. என்ன செய்கிறோம் என்பதைத் துறை எழுதி வைத்திருக்கிறதா, எழுதியபடியே செய்கிறதா, செய்ததற்குச் சான்று காட்ட முடியுமா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த மூன்று கேள்விகளோடு சேர்த்துப் படித்தால், எந்த வேலையை முதலில் எடுப்பது என்பது தானாகத் தெளிவாகும்.

நெறிகளின் கட்டமைப்பை அறிந்துகொள்ளுதல்

நெறிகள் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: துறையின் அதிகாரமும் பொறுப்பும், திட்டமிடல், அமைப்பும் நிர்வாகமும், பணியாளர், நிதி, நிகழ்ச்சிகளும் சேவைகளும், வசதிகளும் நிலப் பயன்பாடும், பொதுமக்கள் பாதுகாப்பு, இடர் மேலாண்மை, இறுதியாக மதிப்பீடும் ஆய்வும். 2014 பதிப்பில் மொத்தம் 151 நெறிகள் இருந்தன. அவற்றில் 37 அடிப்படை நெறிகள். அவற்றில் ஒன்று தவறினாலும் அங்கீகாரம் கிடையாது. எஞ்சிய 114-இல் முதல் முறை விண்ணப்பிக்கும் துறை 103-ஐயும், மறு அங்கீகாரம் கோரும் துறை 108-ஐயும் நிறைவேற்ற வேண்டும் என்பது அப்பதிப்பின் விதி. நெறிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுவதால், எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே, விண்ணப்பத்திற்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதை என்.ஆர்.பி.ஏ. அலுவலகத்திடம் எழுத்தில் உறுதிசெய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு நெறியும் மூன்று துண்டுகளாக இருக்கும். முதலில் நெறி வாசகம், அதன்பின் அதற்கான விளக்கவுரை, அதன்பின் எத்தகைய சான்றுகளைக் காட்டலாம் என்ற குறிப்பு. பலர் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு “இது நம்மிடம் இருக்கிறது” என்று குறித்துவிடுகிறார்கள். உண்மையான நிபந்தனை பெரும்பாலும் மூன்றாவது துண்டில்தான் ஒளிந்திருக்கும்: ஆளும் மன்றம் ஒப்புதல் அளித்த தேதி வேண்டும், அண்மையில் மறுபரிசீலனை செய்ததற்கான பதிவு வேண்டும், நடைமுறையில் இருப்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்று அது கேட்கும்.

முதல் படி: விண்ணப்பிக்கும் முன் இடைவெளி ஆய்வு

விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும். அதனால் அதற்கு முன்பே, யாருக்கும் கட்டணம் செலுத்தாமல், நெறிகள் கேட்பதற்கும் துறையிடம் இருப்பதற்கும் இடையே என்ன குறைகிறது என்று பார்க்கும் ஓர் இடைவெளி ஆய்வை நடத்திவிடுவது அறிவுடைமை. ஒரு விரிதாளில் எல்லா நெறிகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் நான்கு கட்டங்கள் போதும்: ஆவணம் இருக்கிறதா, அதற்கு யார் எப்போது ஒப்புதல் அளித்தார்கள், நடைமுறைக்குச் சான்று எது, பொறுப்பாளர் யார்.

இந்த ஆய்வில் வழக்கமாக வெளிப்படும் குறை, ஆவணம் அறவே இல்லாதது அன்று. இருக்கிற ஆவணம் காலாவதியாகி இருப்பதுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற இயக்குநரின் கையொப்பத்தோடு ஒரு கொள்கை கோப்பில் உறங்கும். அதில் சொல்லப்பட்ட பதவிகளே இப்போது துறையில் இருக்காது. அடுத்து வருவது இதைவிடச் சிக்கலானது: பணியாளர்கள் மிகச் சரியாகவும் சீராகவும் ஒரு வேலையைச் செய்துவருவார்கள், ஆனால் அது எங்கும் எழுதப்பட்டிருக்காது. குளத்தின் குளோரின் அளவை ஒரு நாளைக்கு எத்தனை முறை சோதிப்பது என்பது அந்தக் குளத்தின் மேற்பார்வையாளரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் விடுப்பில் போகும் நாளில் என்ன ஆகும் என்பதே நெறியின் கேள்வி.

ஆய்வின் முடிவை வைத்துக்கொண்டு நகர மேலாளரையும் நகர்மன்றத்தையும் அணுக வேண்டும். விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், வருகைக் குழுவின் பயணச் செலவு ஆகியவை துறையின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். இவற்றைவிடப் பெரிய செலவு பணியாளர்களின் நேரம். அதை மறைத்து ஒப்புதல் வாங்கினால் ஆறு மாதத்தில் எதிர்ப்பு எழும். எனவே, தயாரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

இரண்டாம் படி: ஒருங்கிணைப்பாளரும் பகுதிக் குழுக்களும்

அங்கீகார ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை எழுத்துபூர்வமாக நியமிக்க வேண்டும். எழுத்துத் திறன் மிக்க இளைய அலுவலரை இதற்குத் தேர்ந்தெடுப்பது ஒரு பொதுவான தவறு. அவர் அழகாக எழுதுவார், ஆனால் பராமரிப்புப் பிரிவின் தலைவரிடம் “மூன்று மாதமாக இந்தப் பதிவேட்டை ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு இருக்காது. இயக்குநரை நேரடியாக அணுகக்கூடிய, எல்லாப் பிரிவுகளும் மதிக்கும் ஒருவரே இதற்குப் பொருத்தமானவர்.

பத்துப் பகுதிகளுக்கும் தனித்தனிக் குழுக்கள் அமைத்து, அந்த வேலையை அன்றாடம் செய்பவரையே அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். நிதி, பணியாளர், காவல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பூங்காத் துறையின் கையில் இருக்காது. நகரத்தின் பிற துறைகள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நெறி பூங்காத் துறையிடம்தான் கேட்கும். எனவே அந்தத் துறைகளிலிருந்து ஆளுக்கு ஒரு தொடர்பாளரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். சுதந்திரமான தணிக்கை அறிக்கை நிதித் துறையிடம் இருக்கும். பருவகாலப் பணியாளர்களின் பின்னணிச் சோதனைப் பதிவு பணியாளர் துறையிடம் இருக்கும். கடைசி மாதத்தில் போய்க் கேட்டால் அது தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டிய கதையாகிவிடும்.

மூன்றாம் படி: நீண்ட காலம் பிடிக்கும் அடிப்படை நெறிகள்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் பகுதியிலிருந்து பத்தாவது பகுதி வரை வரிசையாகப் போகச் சொல்லும். நான் அதை ஏற்கவில்லை. அடிப்படை நெறிகளில் எவற்றுக்கு மன்ற ஒப்புதலும் பொதுமக்கள் கூட்டங்களும் தேவையோ அவற்றை முதல் மாதமே கையில் எடுக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் வேகம் துறையின் கையில் இல்லை.

முதலாவது, பூங்கா மற்றும் பொழுதுபோக்கு அமைப்புக்கான பெருந்திட்டம். இருக்கும் நிலங்களையும் வசதிகளையும் கணக்கெடுத்து, மக்கள்தொகை மாற்றத்தையும் மக்களின் தேவையையும் ஆராய்ந்து, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எங்கே என்ன தேவை என்று கூறும் ஆவணம் இது. ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவதற்கான ஒப்பந்தப்புள்ளி முதல் மன்றத்தின் இறுதி ஒப்புதல் வரை இதற்கே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். ஒப்பீட்டுக்கு என்.ஆர்.பி.ஏ. ஆண்டுதோறும் வெளியிடும் செயல்திறன் தரவுகள் பயன்படும். அவற்றின்படி அமெரிக்காவில் ஒரு வழக்கமான துறையிடம் ஆயிரம் குடிமக்களுக்குச் சுமார் 10 ஏக்கர் பூங்கா நிலம் இருக்கிறது. அந்த எண்ணை இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடர்த்தியான பழைய நகரத்துக்கும் பரந்து விரிந்த புறநகருக்கும் ஒரே எண் பொருந்தாது. நம் நகரம் ஏன் அதற்கு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று விளக்கத் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

பெருந்திட்டத்தோடு பலர் குழப்பிக்கொள்வது உத்தித் திட்டம். பெருந்திட்டம் நிலத்தையும் வசதிகளையும் பற்றியது; உத்தித் திட்டம் துறை தன் குறிக்கோள்களை எந்தக் காலத்துக்குள், யார் பொறுப்பில், எந்த அளவீட்டின்படி அடையப்போகிறது என்பதைப் பற்றியது. இரண்டும் தனித்தனி நெறிகள். ஒன்றை மற்றொன்றின் அத்தியாயமாகச் சேர்க்கலாம். ஆனால் இரண்டின் நிபந்தனைகளும் தனித்தனியே நிறைவேறியிருக்க வேண்டும்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் மாற்றத் திட்டம். 1990-இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட உள்ளாட்சி அமைப்புகள் தம் கட்டடங்களில் உள்ள தடைகளை எப்போது, எப்படி நீக்கப்போகின்றன என்று திட்டம் தீட்ட வேண்டும். பல நகரங்கள் 1990-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட்டன. சிக்கல் என்னவென்றால், நீச்சல் குளங்கள், விளையாட்டுப் பகுதிகள், படகுத்துறைகள் போன்ற பொழுதுபோக்கு வசதிகளுக்கான விதிகள் 2010 வடிவமைப்புத் தரநெறிகளில்தான் சேர்ந்தன. ஆகவே பழைய திட்டம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், குளத்திற்குள் இறங்குவதற்கான தூக்கி அல்லது சரிவுப் பாதை பற்றி அது எதுவும் சொல்லியிருக்காது. ஒவ்வொரு பூங்காவுக்கும் ஆள் நேரில் போய், வாகன நிறுத்தத்திலிருந்து ஊஞ்சல் வரையுள்ள வழியை அளந்து எழுத வேண்டும். துறையின் எல்லா ஆவணங்களிலும் மக்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான் என்பது என் கருத்து.

மூன்றாவது, பொழுதுபோக்கு நிகழ்ச்சித் திட்டம். எந்த நிகழ்ச்சியையும் ஏன் நடத்துகிறோம் என்பதற்கு விடை இதில் இருக்க வேண்டும். “இருபது ஆண்டுகளாக நடத்துகிறோம்” என்பது விடையாகாது. பங்கேற்போரின் தேவை, வயதுப் பிரிவு, வேறு யாரும் அதே சேவையை வழங்குகிறார்களா என்ற கேள்வி, நிகழ்ச்சியின் வாழ்நாள் சுழற்சி ஆகியவற்றை வைத்துச் சேர்க்கவும் கைவிடவும் ஒரு முறை வேண்டும். இதோடு ஒட்டி வருவது, போதிய சேவை கிட்டாத மக்களைச் சென்றடைவதற்கான நெறி. இதுவும் அடிப்படை நெறிதான். வறுமை, மொழி, உடற்குறை, போக்குவரத்து வசதியின்மை காரணமாக யார் வராமல் இருக்கிறார்கள் என்பதைத் தரவோடு காட்டி, கட்டணச் சலுகை, பள்ளிகளோடு கூட்டு, நடமாடும் விளையாட்டு வண்டி போன்ற ஏற்பாடுகளையும் காட்ட வேண்டும். ஏற்பாடுகளின் பட்டியலை மட்டும் வைத்தால் வருகைக் குழு கேட்கப்போவது ஒன்றே: “இதனால் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள்?”

நான்காவது, பராமரிப்புத் தரநெறிகளும் இடர் மேலாண்மையும். இவற்றுக்கு மன்றக் கூட்டம் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் சான்று சேர்வதற்கு மாதங்கள் வேண்டும் என்பதால்தான் இங்கே சேர்க்கிறேன். சிறுவர் விளையாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, துண்டு ரப்பரைத் தவிர்த்த தளர்வான தரைப்பரப்புப் பொருள்கள் 9 அங்குல ஆழத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. மரத்தூளும் மரச்சில்லும் நாளடைவில் அமிழும். ஊஞ்சலின் அடியில் குழந்தைகளின் கால்பட்டு விலகும். எனவே “ஆழம் பேணப்படும்” என்று கொள்கையில் எழுதினால் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் அளப்பார், குறைந்தால் எத்தனை நாளுக்குள் நிரப்பப்படும், அதுவரை அந்தப் பகுதி மூடப்படுமா என்பதை எழுதி, அதன்படி நிரப்பிய சோதனைப் படிவங்களையும், பணி ஆணைகளையும், பணி முடிந்த தேதிகளையும் வரிசையாகக் காட்ட வேண்டும். விளையாட்டுப் பகுதிப் பாதுகாப்பு ஆய்வாளர் சான்றிதழ் பெற்ற பணியாளர் ஒருவராவது இருப்பது பெரிய துணை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்தப் படிவக் கட்டைப் புரட்டும் முதல் ஐந்து நிமிடத்தில் ஆய்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசிப் பகுதியான மதிப்பீட்டைப் பலர் கடைசியாகவே செய்கிறார்கள். முறையான மதிப்பீட்டு நடைமுறையும் அடிப்படை நெறிதான். திட்டங்கள், நிகழ்ச்சிகள், வசதிகள் ஆகியவற்றை அளந்து, அந்த அளவின் அடிப்படையில் எதையாவது மாற்றியதற்கு எடுத்துக்காட்டு வேண்டும். அளப்பது, முடிவெடுப்பது, மாற்றுவது, மறுபடி அளப்பது என்ற ஒரு சுற்று முடியவே ஒரு பருவம் ஆகும். முதல் கோடையிலேயே தொடங்காவிட்டால் இரண்டாவது கோடையில் காட்ட எதுவும் இருக்காது.

நான்காம் படி: விண்ணப்பமும் தன்மதிப்பீட்டு அறிக்கையும்

இடைவெளி ஆய்வு முடிந்து, பெருந்திட்டம் முதலானவை நகரத் தொடங்கிய பின் விண்ணப்பம் கொடுக்கலாம். ஆணையம் வழங்கும் பயிற்சியில் இயக்குநரும் ஒருங்கிணைப்பாளரும் கலந்துகொள்ள வேண்டும். தன்மதிப்பீட்டு அறிக்கை மின்னணு வடிவில் சமர்ப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நெறிக்கும் ஒரு விவரிப்பும், அதனோடு இணைத்த சான்றுகளும் இருக்கும்.

விவரிப்பு சுருக்கமாக இருக்கட்டும். நெறி கேட்ட சொற்களையே திருப்பிச் சொல்லி, “எங்கள் துறை சிறப்பாகச் செயல்படுகிறது” என்று முடிக்கும் பத்தி யாருக்கும் உதவாது. இந்தக் கொள்கை இந்தத் தேதியில் இவரால் ஏற்கப்பட்டது, இத்தனை காலத்துக்கு ஒருமுறை இவர் மறுபரிசீலனை செய்கிறார், கடந்த முறை இந்த மாற்றம் செய்யப்பட்டது, இது நடைமுறையில் இருப்பதற்கு இந்தப் பணி ஆணைகள் சான்று என்று நான்கைந்து வாக்கியங்களில் சொல்லிவிடலாம். 200 பக்கப் பெருந்திட்டத்தை அப்படியே இணைத்துவிட்டு ஆய்வாளரைத் தேட விடாமல், பக்க எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் பகுதியை வண்ணமிட்டுக் காட்ட வேண்டும். கோப்புகளுக்கு நெறி எண்ணைக் கொண்டே பெயரிடுவது சிறு வேலை. பின்னால் பெரும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

சான்று மிகுதியாக இருப்பதும் குறைதான். ஐந்து வலுவான ஆவணங்களுக்குப் பதில் ஐம்பது சுமாரானவற்றைக் குவித்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றோடு முரண்படும் வாய்ப்புதான் கூடும்.

அறிக்கை முடிந்ததும், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பக்கத்து நகரத் துறையினரைக் கேட்டு ஒரு மாதிரி ஆய்வு நடத்திப் பார்க்கலாம். நாடெங்கும் 200-க்கும் அதிகமான துறைகள் அங்கீகாரம் பெற்றிருப்பதால் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது அரிதன்று. உள்ளூர்க்காரரின் கண்ணுக்குப் பழகிப்போன குறை வெளியார் கண்ணில் சட்டென்று படும்.

ஐந்தாம் படி: வருகைக் குழு

குழுவில் வழக்கமாக மூவர் இருப்பர். எல்லோரும் வேறு ஊர்களின் பூங்காத் துறைகளில் பணியாற்றும் அல்லது பணியாற்றி ஓய்வுபெற்ற தொழில்முறையினர். ஊதியமின்றித் தன்னார்வத்தோடு வருபவர்கள். அவர்களது பயணம், தங்கும் செலவுகளைத் துறை ஏற்கிறது. விருந்தோம்பல் இயல்பாக இருக்கட்டும். பரிசுப் பொருள்கள் வேண்டாம்.

சில நாள்கள் நீளும் இந்த வருகையில் அவர்கள் அறிக்கையைச் சரிபார்ப்பார்கள், பூங்காக்களைச் சுற்றிப் பார்ப்பார்கள், இயக்குநர் முதல் களப்பணியாளர் வரை பேசுவார்கள், மன்ற உறுப்பினர்களையும் குடிமக்கள் ஆலோசனைக் குழுவினரையும் சந்திக்கக் கேட்பார்கள். இதற்காகப் பணியாளர்களுக்கு விடைகளை மனப்பாடம் செய்விப்பது வீண். துறையின் நோக்கம் என்ன, விபத்து நேர்ந்தால் எந்தப் படிவம், யாரிடம் சொல்வது, தன் வேலைக்கான நடைமுறைக் கையேடு எங்கே இருக்கிறது என்பவை தெரிந்தால் போதும். உயிர்காப்பாளராக வேலை பார்க்கும் 17 வயது மாணவர் ஒருவர் அவசரகாலத் திட்டத்தைத் தம் சொந்தச் சொற்களில் சொன்னாலே போதும். ஒரு கோப்பு முழுவதும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

ஒரு நெறி நிறைவேறவில்லை என்று குழு கருதினால் விவாதத்தில் இறங்காமல், கூடுதல் சான்று உண்டா என்று பார்த்து அப்போதே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று ஒப்புக்கொள்வதே கண்ணியம். அடிப்படையல்லாத நெறிகளில் சிலவற்றைத் தவறவிட இடம் இருக்கிறது; அந்த இடம் அதற்காகவே விடப்பட்டது.

ஆறாம் படி: ஆணைய அமர்வு

குழு அங்கீகாரம் வழங்குவதில்லை. எந்த நெறிகள் நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்று அறிக்கை எழுதுவதோடு அதன் வேலை முடிகிறது. துறை அந்த அறிக்கைக்கு மறுமொழி தரலாம். அதன்பின் இலையுதிர் காலத்தில் நடைபெறும் என்.ஆர்.பி.ஏ. ஆண்டு மாநாட்டில் ஆணையம் கூடி, துறையின் பிரதிநிதிகளிடம் கேள்வி கேட்டு முடிவெடுக்கிறது. அங்கே நிறைவேறாத நெறிகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்பதால், அவற்றை எப்போதைக்குள் சரிசெய்வோம் என்ற திட்டத்தோடு போக வேண்டும். துறையின் பெருமைகளை அடுக்கும் ஒளிப்படக் காட்சிக்கு அங்கே நேரம் இல்லை.

அங்கீகாரத்திற்குப் பிறகு

அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இடைப்பட்ட காலத்தில் ஆண்டறிக்கை சமர்ப்பித்து, ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்தி வர வேண்டும். பல துறைகள் தடுமாறுவது இங்கேதான். பலகை மாட்டப்பட்டு, நிழற்படம் எடுக்கப்பட்டு, ஒருங்கிணைப்பாளர் வேறு பணிக்கு மாற்றப்பட்ட பின் விரிதாளை யாரும் திறப்பதில்லை. நான்காம் ஆண்டில் மறு அங்கீகாரத்திற்காகத் திறந்து பார்க்கும்போது, இடையில் மூன்று ஆண்டுகளுக்கான மறுபரிசீலனைப் பதிவுகள் இருக்காது. அவற்றைப் பின்தேதியிட்டு எழுதுவது மோசடி; எழுதாமல் விட்டால் நெறி தவறும். அதோடு மறு அங்கீகாரத்தில் வாயிலும் குறுகிவிடுகிறது: 2014 பதிப்பின் கணக்கில் முதல் முறை 11 நெறிகளைத் தவறவிடலாம், இரண்டாம் முறை ஆறைத்தான் தவறவிடலாம்.

இதைத் தவிர்க்க எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. பத்துப் பகுதிகளையும் ஆண்டின் பத்து மாதங்களுக்குப் பிரித்துவிட வேண்டும். அந்தந்த மாதப் பணியாளர் கூட்டத்தில் அந்தப் பகுதியின் கொள்கைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டு, கூட்டக் குறிப்பில் தேதியோடு பதிவாகி, அந்தக் குறிப்பே நெறி எண்ணிட்ட கோப்புறையில் போய்ச் சேர வேண்டும். கோடை முகாம்களும் குளங்களும் ஒரே நேரத்தில் இயங்கும் ஜூன், ஜூலை இரண்டையும் காலியாக விட்டுவிடலாம்.